பச்சோந்தி ஏன் கறுத்தது?

அடிக்கடி கொள்கையை மாற்றிக் கொள்பவரைப் 'பச்சோந்தி' என்று ஏசுவது நம்மிடையே உள்ள வழக்கம். இருக்கும் இடத்துக்கு ஏற்றாற்போல் நிறத்தை மாற்றி, பிறர் கண்ணில் மண்ணைத் தூவும் பிராணி என்பதுதான் அதைப் பற்றிப் பலருக்கும் உள்ள எண்ணம். ஆனால் பச்சோந்தியைப் பொறுமையாகக் கவனித்தவர்கள் இதை ஒப்புக் கொள்ள மாட்டார்கள். இலைகளுக்கு நடுவே மறைந்திருக்க அதன் பச்சை நிறம் உதவுவது உண்மையே. எனினும், நிற மாற்றம் பெரும்பாலும் அதன் உடல் நிலையையும் மன நிலையையும் வெளியே காட்டிக் கொடுத்து விடுகிறது. பொய் சொல்லத் தெரியாத தோல் அது எனலாம்.

இந்த உண்மை விலங்கியல் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் பலர் பச்சோந்தியைக் கூண்டில் வைத்து வளர்க்கின்றனர். அவர்களைக் கவலையில் ஆழ்த்தும் காட்சிகள் சில உண்டு. நேற்றுப் பச்சையாக இருந்தது இன்று காலையில் கரிக்கட்டை போல் கறுத்திருக்கிறது. வாயைத் திறந்து வைத்துக் கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. யாரும் இல்லாத திசையைப் பார்த்துச் சீறுகிறது. கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தும் குடிப்பதில்லை. இவை நோயின் அறிகுறிகளா? பிராணியின் இயல்பா? அல்லது கூண்டின் குறையா?

பெரும்பாலானவற்றுக்கு விடை வெப்பம், ஒளி, நீர் ஆகிய மூன்றிலும் இருக்கிறது. பச்சோந்தியின் விசித்திர நடத்தையைப் புரிந்து கொள்ளப் பௌதிகமும் கொஞ்சம் வேண்டும்.

தாயகத்தின் தட்பவெப்பம்

வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது ஏமன் பச்சோந்தி. விலங்கியலார் இதனைக் 'கமலியோ கலிப்ட்ரேடஸ்' என்பர். ஏமன் நாடும், சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும் இதன் தாயகம். தலையின் மேல் கோபுரம் போல் உயர்ந்து நிற்கும் கொண்டை இதன் அடையாளம். வால் உட்பட ஆணின் நீளம் 45 செ.மீ.க்கு மேலும் இருக்கும். விரல்கள் இரு பிரிவாகப் பிரிந்து இடுக்கியைப் போல் கிளையைப் பற்றுகின்றன. கண்கள் இரண்டும் தனித்தனியே சுழல்கின்றன.

ஏமனின் மலைப் பகுதிகளில் இரவில் குளிர் உண்டு. விடியலில் இலைகளின் மேல் பனித்துளி நிற்கும். பகலில் கடும் வெயில் அடிக்கும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக் கொண்டு பார்த்தால், கூண்டில் அது செய்யும் பல செயல்களுக்குப் பொருள் விளங்கும்.

தோலுக்குள் படிகங்கள்

முதலில் நிறத்தைப் பார்ப்போம். பச்சோந்தியின் நிற மாற்றத்தை 1852-ஆம் ஆண்டிலேயே எர்ன்ஸ்ட் புரூக்கே என்ற உடலியல் அறிஞர் ஆராய்ந்து எழுதினார். தோலின் கறுப்பு நிறமி செல்லுக்குள் ஒடுங்கியிருந்தால் தோல் வெளிறும். மேல்நோக்கிப் பரவினால் தோல் கறுக்கும். இந்த விளக்கம் கறுப்புக்குச் சரி. பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறுவதை நிறமியைக் கொண்டு மட்டும் விளக்க முடியவில்லை.

2015-ஆம் ஆண்டில் ஜெனீவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷல் மிலிங்கோவிச்சும் அவருடைய குழுவினரும் இதற்கு விடை கண்டனர். மடகாஸ்கர் தீவில் வாழும் சிறுத்தைப் பச்சோந்தியின் தோலை அவர்கள் ஆராய்ந்தார்கள். அதன் தோலில் குவானின் என்ற பொருளால் ஆன மிக நுண்ணிய படிகங்கள் ஒழுங்கான வரிசைகளில் அடுக்கப்பட்டுள்ளன. வரிசைகளுக்கு இடையே உள்ள தொலைவைப் பொறுத்து எந்த அலைநீளமுள்ள ஒளி திருப்பி அனுப்பப்படும் என்பது அமைகிறது. சோப்புக் குமிழியில் படலத்தின் தடிப்புக்கு ஏற்ப நிறங்கள் தோன்றுவதை ஒத்த நிகழ்ச்சி இது.

பிராணி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கியிருக்கின்றன. அலைநீளம் குறைந்த நீல ஒளி திரும்புகிறது. அதன் மேல் மஞ்சள் நிறமியும் இருப்பதால் நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. பிராணி கிளர்ச்சியடைந்தால் படிகங்களுக்கிடையே உள்ள தொலைவு கூடுகிறது. அலைநீளம் மிகுந்த மஞ்சள் ஒளி திரும்புகிறது. பச்சை மஞ்சளாகி விடுகிறது. இந்த அடுக்குக்குக் கீழே மற்றோர் அடுக்கும் உண்டு. அதிலுள்ள படிகங்கள் சற்றுப் பெரியவை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களைத் திருப்பி அனுப்பக் கூடியவை. கடும் வெயிலின் சூட்டைக் குறைக்க இது உதவலாம் என்று அக்குழுவினர் கருதுகின்றனர்.

ஆக, பச்சை என்பது அமைதியின் நிறம். பளபளக்கும் மஞ்சள் கிளர்ச்சியின் நிறம். கறுப்புக்கு மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. அங்கேதான் வளர்ப்பவர் தவறு செய்கிறார்.

காலைக் கறுப்பும் மாலைக் கறுப்பும்

பச்சோந்தி தன் உடலுக்குள் வெப்பத்தைப் போதிய அளவு உண்டாக்கிக் கொள்ள இயலாத பிராணி. வெளியிலிருந்தே அதைப் பெற வேண்டும். கறுப்புத் துணி வெயிலில் வெள்ளைத் துணியை விட விரைவில் சூடேறுவதை நாம் அறிவோம். விடியலில் பச்சோந்தி செய்வதும் இதைத்தான். தோலைக் கறுப்பாக்கிக் கொள்கிறது. விலாவைத் தட்டையாக்கி அகலமாக்கிக் கொண்டு, அந்தப் பக்கத்தை ஒளிக்கு நேராகத் திருப்புகிறது. ஒளியை ஏற்கும் பரப்பும் கூடுகிறது. உறிஞ்சும் திறனும் கூடுகிறது. உடல் சூடேறியதும் பச்சை திரும்பி விடும். எனவே காலையில், விளக்கின் கீழ், சிறிது நேரம் மட்டும் காணப்படும் கறுப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

பகல் முழுதும் கறுப்பாகவே இருந்தால் செய்தி வேறு. ஒன்று, கூண்டில் போதிய வெப்பம் இல்லை, அல்லது அது எதற்கோ அஞ்சுகிறது, அல்லது நோயுற்றிருக்கிறது. எது என்று அறிய முதலில் வேண்டியது ஒரு வெப்பமானி. வெயில் காயும் கிளையின் மேல் ஏறத்தாழ 30° செ. இருக்க வேண்டும், கூண்டின் மற்றப் பகுதிகள் அதை விடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு வெப்பநிலைகள் இருந்தால்தான் அது வேண்டிய இடத்தைத் தேர்ந்து கொள்ள முடியும்.

நாக்கும் ஒரு வெப்பமானியே. பச்சோந்தி தசையைக் கொண்டு நேரடியாக நாக்கை எறிவதில்லை. வில்லை வளைப்பது போல், நாக்கிலுள்ள மீள்தன்மையுள்ள திசுவை முதலில் இழுத்து வைத்து, பிறகு விடுவிக்கிறது. 2010-ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் ஆண்டர்சன், ஸ்டீபன் டீபன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஏமன் பச்சோந்தியைக் கொண்டு இதைச் சோதித்தனர். வெப்பநிலை 25° செ.இலிருந்து 15° செ.ஆகக் குறைந்தபோது, நாக்கை எறியும் திறன் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே குன்றியது. திரும்ப இழுக்கும் திறனோ 40 சதவீதத்துக்கும் மேல் குன்றி விட்டது. எறிவது வில்லின் வேலை. இழுப்பது தசையின் வேலை. தசைக்கு வெப்பம் தேவை. நாக்கைப் பாய்ச்சிவிட்டு மெதுவாக இழுக்கும் பச்சோந்தியைக் கண்டால், மருந்தைத் தேடுமுன் வெப்பமானியைப் பார்ப்பது நன்று.

திறந்த வாய்

வாயைத் திறந்து வைத்திருப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது மிகுந்த வெப்பம். பச்சோந்திக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயின் ஈரம் ஆவியாகும்போது உடலின் வெப்பம் ஓரளவு குறைகிறது. அப்போது தோலும் வெளிறிக் காணப்படும். விளக்கை விட்டு விலகியதும் வாயை மூடிக் கொண்டால் காரணம் வெப்பமே. இரண்டாவது மிரட்டல். உடலைத் தட்டையாக்கி, தொண்டையைப் புடைத்து, வாயைப் பிளந்து சீறினால், 'கிட்டே வராதே' என்று பொருள். மூன்றாவதுதான் ஆபத்தானது. விளக்கிலிருந்து விலகியிருக்கும்போதும், எவரும் அருகில் இல்லாதபோதும், தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சு விட்டால், அல்லது வாயோரம் சளி கண்டால், நுரையீரலில் நோய் இருக்கக் கூடும். அதற்கு மருத்துவர் வேண்டும்.

விளக்கைப் பற்றி ஒரு சொல். சிறிய ஒளி மூலத்திலிருந்து வரும் கதிர்களின் செறிவு தொலைவின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். விளக்குக்குக் கீழே 30 செ.மீ.இல் உள்ள கிளையில் இதமாக இருக்கும் சூடு, 15 செ.மீ.இல் ஏறத்தாழ நான்கு மடங்காகி விடும். குளிரில் வாடும் பச்சோந்தி கூண்டின் கூரையைப் பற்றிக் கொண்டு விளக்கை நெருங்கும். கொண்டை வெந்து புண்ணாகும் வரை அதற்குத் தெரியாமலும் போகலாம். ஆகவே அது கூரையில் தொங்குவதை வேடிக்கையாகக் கருதலாகாது. கீழே குளிர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கண்ணாடியில் தெரியும் எதிரி

பச்சோந்திகள் தனித்து வாழும் பிராணிகள். மற்றோர் ஆணைக் கண்டால் வண்ணங்களைக் கொண்டே முதலில் போரிடும். 2013-ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் லிகன், கெவின் மெக்ரா இருவரும் ஏமன் பச்சோந்திகளின் சண்டைகளைப் படமெடுத்து அளந்தனர். விலாக் கோடுகள் பளிச்சென்று மாறியவை எதிரியை நோக்கி முன்னேறின. தலையின் நிறம் விரைவாகவும் பிரகாசமாகவும் மாறியவை வென்றன. மறு ஆண்டு லிகன் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. தோற்ற பச்சோந்தி தன் நிறத்தை மங்கச் செய்து கறுக்கிறது. 'நான் ஒப்புக் கொண்டேன், விட்டு விடு' என்பதே அதன் பொருள்.

இதைக் கூண்டுக்குப் பொருத்திப் பாருங்கள். கண்ணாடிச் சுவரின் உட்புறம் வெளிச்சமாகவும் வெளிப்புறம் இருட்டாகவும் இருக்கும்போது சுவரே முகம் பார்க்கும் கண்ணாடியாகி விடுகிறது. தன் உருவத்தைக் கண்ட ஆண் பச்சோந்தி அதை எதிரி என்று எண்ணுகிறது. சீறுகிறது, வண்ணம் காட்டுகிறது. எதிரியும் அதே வண்ணத்தைக் காட்டுகிறான், பின்வாங்குவதில்லை. வெல்லவும் முடியாத, ஓடவும் வழியில்லாத இந்தப் போர் நாள் முழுதும் நடந்தால் பிராணி தளர்ந்து, உணவை விட்டு, கறுத்துப் போகும். அருகருகே இரு கூண்டுகளை வைத்தாலும் இதே நிலைதான். கண்ணாடியின் மேல் அட்டையை ஒட்டி மறைத்துப் பார்த்தால் காரணம் புலப்பட்டு விடும். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முதல் பாடம். கூண்டுக்கும் அது பொருந்தும்.

சன்னல் வெயில் போதுமா?

குளிர் நாட்டில், அன்புள்ள ஒருவர் தம் பச்சோந்தியின் கண்ணாடிப் பெட்டியைச் சன்னலோரம் வைக்கிறார். நல்ல வெயில் விழுகிறது. சில மாதங்களில் அதன் கால்கள் வளைகின்றன; கை நடுங்குகிறது; கிளையைப் பற்ற வேண்டிய விரல்கள் தன் காலையே பற்றிக் கொள்கின்றன; நாக்கு வெளியே நீள மறுக்கிறது. வெயிலில்தானே இருந்தது? எங்கே பிழை?

பிழை கண்ணாடியில் இருக்கிறது. எலும்புக்கு வேண்டிய கால்சியத்தைக் குடலிலிருந்து உடல் ஏற்க வைட்டமின் டி3 தேவை. அதைத் தோலில் உண்டாக்க, ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புறஊதாக் கதிர்கள் வேண்டும். சாதாரணச் சன்னல் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் ஒளியையெல்லாம் உள்ளே விடுகிறது. இந்தக் கதிர்களை மட்டும் ஏறத்தாழ முழுவதும் தடுத்து விடுகிறது. நம் கண்ணுக்கு வெயில். பச்சோந்தியின் எலும்புக்கு இருட்டு. போதாக்குறைக்கு, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் புகுந்த வெப்பம் எளிதில் வெளியேறாமல் பெட்டியை அடுப்பாக்கி விடும்.

இதற்காகப் புறஊதாக் குழல் விளக்குகள் விற்கப்படுகின்றன. அவற்றிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. நாளாக நாளாக விளக்கின் புறஊதா வெளியீடு தேய்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியோ பழையபடி இருக்கிறது. எரிகிறதே என்று எண்ணி விட்டு விடக் கூடாது. விளக்கின் வகைக்கு ஏற்ப ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்றுவது வழக்கம்.

பச்சோந்திக்கு இது தெரியுமா? தெரியும் போலிருக்கிறது. 2009-ஆம் ஆண்டில் கார்ஸ்டனும் உடன் ஆய்வாளர்களும் சிறுத்தைப் பச்சோந்திகளிடம் கண்டது வியப்பானது. உணவில் வைட்டமின் டி3 குறைவாகப் பெற்றவை புறஊதா ஒளியில் அதிக நேரம் காய்ந்தன. நிறையப் பெற்றவை ஒதுங்கிக் கொண்டன. எவ்வளவு வெயில் வேண்டும் என்பதை உடல் கணக்கிட்டுக் கொள்கிறது. கணக்குச் சரியாக வர வேண்டுமானால், கிடைக்கும் வெயில் உண்மை வெயிலாக இருக்க வேண்டும்.

தண்ணீர் இருந்தும் தாகம்

கிண்ணத்து நீரைக் குடிக்காததற்குக் காரணம் பிடிவாதமில்லை. மரத்தில் வாழும் பச்சோந்தி குடிப்பது இலையில் நிற்கும் துளியை. ஒளியில் மின்னும் துளி அதன் கண்ணில் படுகிறது. அசையாத நீர்ப்பரப்பு பெரும்பாலும் படுவதில்லை. ஆகவே இலைகளின் மேல் நீரைத் தெளிக்க வேண்டும்; அல்லது மேலிருந்து சொட்டுச் சொட்டாக விழச் செய்ய வேண்டும். தாகத்தின் அறிகுறிகளை எளிதில் அறியலாம். கண்கள் குழி விழும். எச்சத்தில் வெண்மையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறமாகும்.

கண்ணைப் பற்றிய மற்றொன்று. சில வேளைகளில் பச்சோந்தி ஒரு கண்ணைப் பெரிதாக ஊதச் செய்து கிளையில் தேய்க்கும். பார்ப்பவர் பதறிப் போவார். கண்ணில் விழுந்த தூசியை நீக்கும் வழி அது. சிறிது நேரத்தில் கண் பழைய நிலைக்கு வந்து விடும். வீக்கம் வடியாமல் தொடர்ந்தால்தான் நோய்.

மண்ணைத் தேடும் பெண்

பெண் ஏமன் பச்சோந்தி திடீரென்று உணவை விட்டு, அமைதியின்றி மேலும் கீழும் அலைந்து, கூண்டின் தரையைப் பிறாண்டினால், அது முட்டையிட இடம் தேடுகிறது. ஆணைக் காணாத பெண்ணும் கருவுறாத முட்டைகளை இடுவதுண்டு என்பதைப் பலர் அறியார். ஒரு தடவைக்கு 20 முதல் 70 முட்டைகள் வரை இடும். தோண்டுவதற்கு ஈர மணல் இல்லையென்றால் முட்டைகளை உள்ளேயே அடக்கி வைத்துக் கொண்டு இறந்தும் போகும். ஆழமான தொட்டியில் ஈர மணலை வைத்து, எவரும் பார்க்காதபடி மறைத்து விட்டால், பெரும்பாலும் அந்த உயிர் பிழைத்துக் கொள்ளும்.

பகலில் மூடிய கண்

இரவில் பச்சோந்தி வெளிறிய நிறத்துடன் ஆழ்ந்து உறங்கும். அதற்கு முழு இருட்டு தேவை. சிவப்பு விளக்கும் அதன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் உடல்நலமுள்ள பச்சோந்தி பகலில் உறங்குவதில்லை. பகலில் கண்ணை மூடிக் கொண்டு, கிளையின் கீழ்ப்பகுதியிலோ தரையிலோ, கறுத்தோ மங்கியோ அமர்ந்திருந்தால், அட்டையை ஒட்டியும் விளக்கை நகர்த்தியும் சோதனை செய்ய அதுவன்று நேரம். காட்டில், நோயுற்றதாகக் காட்டிக் கொள்ளும் பிராணி பறவைக்கும் பாம்புக்கும் இரையாகும். ஆகவே இயன்ற வரை அது நோயை மறைத்து வைக்கிறது. மறைக்க இயலாத நிலை வந்த பிறகே கண்ணை மூடுகிறது. அன்றே ஊர்வன பற்றி அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

நம் ஊர்ப் பச்சோந்தி

நம் நாட்டிலும் இலங்கையிலும் உள்ள இனம் வேறு. 'கமலியோ ஸைலானிகஸ்' எனப்படும் அது நம் ஊர்ப் புதர்களிலும் வேலிகளிலும் வாழ்கிறது. அதற்கு நஞ்சு கிடையாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி அது. பிடித்து வளர்ப்பது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. கூண்டில் வெப்பமானி, புறஊதா விளக்கு, சொட்டு நீர், மணல் தொட்டி என்று இத்தனை பாடுபட்டு நாம் அமைக்க முயல்வதெல்லாம் ஒரு வேலிப் புதரில் தானாகவே அமைந்திருக்கின்றன.

காலையில் வேலியோரம் ஒரு பச்சோந்தியைக் கண்டால் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். விலாவைத் தட்டையாக்கி, கறுத்து, கிழக்கே பார்த்திருக்கும். நேரம் ஆக ஆகப் பச்சை திரும்பும். அது எவரையும் ஏமாற்றவில்லை, வெயில் காய்கிறது.